கிழங்குக்கு ஐஸ் வைத்த கதை

கிள்ளானில் நாங்கள் குடியிருக்கும் வரிசையில், வாசலில் மண் மிச்சமிருக்கிற வீடு எங்களுடையது ஒன்றுதான். மற்றவர்கள் எல்லாரும் முன்புறத்துக்குச் சிமெண்டு பூசி, அதன்மேல் டைல்ஸ் ஒட்டி, அதன்மேல் இரண்டாவது காடியையும் ஏற்றி நிறுத்திவிட்டார்கள். காரை இங்கே நாங்கள் காடி என்போம். எங்கள் வீட்டில் கூரைக்குக் கீழே என் காடி நிற்கும். அதற்குப் பக்கத்தில், கேட்டிலிருந்து கூடத்து ஜன்னல் வரை, ஆறேழு பேர் நெருக்கிப் படுக்கலாம் என்கிற அளவுக்கு ஒரு துண்டு மண். மனைவியின் காடி தெருவில்.

எங்கள் தெருவில் குப்பை லோரி நுழைந்தால் ஓட்டுநர் தன் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டுதான் ஓட்டுவார். அப்படி இழுத்தும் போதாமல், தீபாவளி முடிந்த வாரத்தில், மனைவியின் காடியில் பக்கக் கண்ணாடி உடைந்தது. உடைந்ததை எடுத்து வந்து என் புத்தகத்தின் மேல் வைத்தாள். மறுநாள் டைல்ஸ் ஒட்டுகிறவர், எங்கள் பேச்சில் பாஸ், வந்து, நாடாவை இழுத்து, மண்ணை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளந்துகொண்டு போனார். தைப்பூசம் முடிந்ததும் வேலையை ஆரம்பிப்பதாக ஏற்பாடு. அந்த ஆண்டு அவர் பத்துமலைக்குக் காவடி எடுக்கிறார்; அதுவரை புதிய வேலை எதையும் தொடுவதில்லை. முருகன் எனக்குக் கொடுத்த அவகாசம் அது என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த மண்மேல் எனக்கு என்ன அவ்வளவு பிடிப்பு என்று கேட்கலாம். நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி அலுவலகத்தில் மொழிபெயர்ப்புகளைத் திருத்துகிறவன். சோறு பொங்கும் மின்பானையின் கையேடு, சளி மருந்துக்குள் மடித்து வைக்கும் தாள் இவற்றின் தமிழ் என் கையால் சுத்தமாகிறது. யாரும் படிக்காத தமிழைப் பிழையில்லாமல் வைத்திருப்பது என் தொழில். ரயிலுக்குக் கிளம்புமுன் அந்த மண்ணில் வெறுங்காலோடு நின்று காப்பி குடிப்பேன். நாள் முழுக்க எனக்கு நிஜமாகக் கிடைக்கிற ஒரே விஷயம் அந்த ஈரம்தான். இதை மனைவியிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். "கால் நனைக்கணும்னா பாத்ரூம் இருக்கு" என்றாள்.

அவள் பக்கமும் நியாயம் இருந்தது. அந்த மண்ணில் என் சாதனைகள் அப்படி. மிளகாய் போட்டேன், இலை சுருண்டது. பூசணி போட்டேன், பூவோடு நிறுத்திக்கொண்டது. கீரை மட்டும் முளைத்தது. ஆனால் அது நான் போட்ட கீரை அல்ல.

"அந்த மண்ணுல இதுவரைக்கும் என்னாங்க வந்திருக்கு, சொல்லுங்க" என்றாள். சமையல்கட்டில் அவள் உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

"வரும்" என்றேன்.

"என்னா வரும்?"

எதிரே இருந்ததைப் பார்த்துச் சொன்னேன். "உருளைக்கிழங்கு."

வாழ்க்கையின் பெரிய முடிவுகளை நான் இப்படித்தான் எடுத்திருக்கிறேன். அன்று அவள் கையில் வெண்டைக்காய் இருந்திருந்தால் எவ்வளவோ கஷ்டம் மிச்சமாகியிருக்கும்.

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "அது கேமரன் மலையில வர்றதுங்க. இது கிள்ளான். இங்க மண்ணுக்குள்ள போட்டா கிழங்கு வேகும்லா, வளராது."

"வளர்ந்தா?"

யோசித்தாள். அவளிடம் எனக்குப் பிடித்தது இதுதான். தோற்கமாட்டோம் என்று தெரிந்தால் மிகவும் நியாயமாக நடந்துகொள்வாள். "பூசத்துக்குள்ள ஒரு குவாலி பெரட்டலுக்கு ஆகற மாதிரி கிழங்கு எடுத்துக் குடுங்க. மண்ண நான் தொடல. இல்லன்னா டைல்ஸ். அப்புறம் மூஞ்சத் தூக்கி வெச்சிக்கிட்டுத் திரியக் கூடாது."

குவாலி என்பது எங்கள் ஊரில் வாணலி. பெரட்டல் என்பது மசாலா கிழங்கோடு ஒட்டிக்கொள்ளும்வரை வற்ற வதக்குவது. இரண்டும் எனக்குத் தெரிந்த சொற்கள். சரி என்றேன். எந்தக் குவாலி என்று கேட்டிருக்க வேண்டும். தொழிலால் சொல்லுக்குச் சொல் பொருள் பார்க்கிறவன், வீட்டில் ஒப்பந்தம் போடும்போது மட்டும் அதைப் பார்ப்பதில்லை.

ஒரு வேலையைத் தொடங்குமுன் அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிப்பது என் வழக்கம். படித்து முடித்ததும் வேலையே முடிந்துவிட்ட திருப்தி வந்து நிறுத்திவிடுவதும் என் வழக்கம். இந்த முறை நிறுத்த முடியவில்லை. உருளைக்கிழங்கு எந்த மலையில் பிறந்தது, எந்தக் கப்பலில் ஏறியது, எந்த ராஜா அதைத் தின்ன மறுத்தார் என்பதெல்லாம் எனக்கு அத்துபடி ஆயிற்று. மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்பது மட்டும் பாக்கி.

விதைக்க விதை கிடையாது. முளைவிட்ட கிழங்கையே வெட்டி நட வேண்டும். கடையில் விற்கிற கிழங்கு முளைக்காமலிருக்க என்னவோ செய்துதான் கப்பலேற்றுகிறார்களாம். ஆகவே எனக்கு வேண்டியது கடைக்காரர் கண்ணுக்குத் தப்பி, மூலையில் கிடந்து, பழையதாகிப்போன சரக்கு. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அலுவலகத்துக்குக் கீழே ஒரு மளிகைக்கடை உண்டு. நடத்துகிறவர் தமிழ்நாட்டுக் கடற்கரைப் பக்கத்து பாய். வந்து வெகுகாலம் ஆகியும் பேச்சில் ஊரை விடவில்லை.

"பாய், முளைச்ச உருளைக்கிழங்கு இருக்கா?"

கல்லாவில் இருந்தவர் நிமிர்ந்து, கடையில் வேறு யாரும் இருக்கிறார்களா என்று பார்த்தார். "நம்ம கடையிலயா? யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. இருந்தா வேணும்."

"அப்படிச் சரக்கு நாம வைக்கிறதே இல்ல. வேணும்னா மூட்டைய அவுத்துக் காட்டுறேன். யாராச்சும் புகார் குடுத்தாங்களா?"

நான் சுகாதாரத்துறைக்கு வேண்டியவன் என்று நினைத்துவிட்டார். மேலே மாடியில்தான் வேலை செய்கிறேன், தினம் உங்களிடம்தான் வேர்க்கடலை வாங்குகிறேன், வீட்டு வாசலில் உருளைக்கிழங்கு போடப் போகிறேன் என்று வரிசையாகச் சொன்னேன். கடைசி வாக்கியத்தில் அவருக்கு நிம்மதி வந்தது. அதிகாரி இப்படிப் பொய் சொல்லமாட்டார். உள்ளே போய் ஒரு கூடையோடு வந்தார். எறிவதற்கு ஒதுக்கிய கிழங்குகள். ஒவ்வொன்றிலும் முளை கொம்பு கொம்பாக நின்றது.

"கொண்டு போங்க. ஆனா இங்க வாங்குனதா வெளிய சொல்லாதிய."

அந்தக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு கிள்ளான் ரயிலில் வந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி கிழங்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, அழுகினதை வாங்கி ஏமாந்த ஆள் என்று தீர்மானித்து, இரக்கத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முளைக் கண்ணுக்கு ஒரு துண்டாக வெட்டி, சாம்பல் தடவி, கரை கட்டி நட்டேன். மேலே நிழல்வலை கட்டினேன். மழைக்காலம் அது, செடிகள் வந்தன. வந்தது மட்டுமல்ல, வெட்கமில்லாமல் வந்தன. தண்டு உயர உயர மண்ணை அணைத்துக்கொண்டே போனேன். கரும்பச்சை இலைகள், நடுவில் ஊதா கலந்த வெள்ளைப் பூ. பக்கத்து வீட்டு அக்கா கேட்டோரம் நின்று, "என்னா தம்பி, கத்திரிக்காயா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஓய்வுபெற்ற பள்ளி அலுவலர் அவர். வீடு முழுக்க டைல்ஸ். தொட்டியில் ஒரு கறிவேப்பிலை. எங்கள் வீட்டுக் குழம்புக்கு இலை கொடுப்பவர் அவர்தான்.

டைல்ஸ் பாஸும் அவ்வப்போது மோட்டார் சைக்கிளை நிறுத்துவார். மாலை போட்டு, தாடி விட்டிருந்தார். "அண்ணே, நல்லாத்தான் வந்திருக்கு. வெட்டித் தள்ள ரெண்டு ஆள் சேத்துக் கூட்டியாரணும் போல." அதில் விரோதம் எதுவும் இல்லை. அவர் கண்ணுக்கு உலகம் ஒட்டின இடம், ஒட்டாத இடம் என்று இரண்டாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பெருமை வந்தால் நான் தோண்டிப் பார்ப்பேன். ஓரத்துச் செடி ஒன்றின் அடியில் மெதுவாக விரலை விட்டுத் துழாவினேன். வேர் இருந்தது. நிறைய வேர். அதன் நுனியில் பட்டாணி அளவுக்கு ஏதோ ஒன்று. வேறு எதுவும் இல்லை. இன்னொரு செடியில் அந்தப் பட்டாணியும் இல்லை.

உள்ளே போய்ப் படித்ததை மறுபடி புரட்டினேன். ஒரு வரியை வேகமாகத் தாண்டியிருக்கிறேன். இரவு குளிர்ந்தால்தான் செடி கிழங்கு வைக்கும். குளிராவிட்டால் இலையாகவே வாழ்ந்துவிட்டுப் போய்விடும். மற்றவர்கள் தாண்டிவிட்ட வரிகளைப் பிடித்துச் சம்பளம் வாங்குகிறவனுக்கு இது வந்திருக்க வேண்டிய அவமானம் அல்ல. கிள்ளானில் இரவு என்பது வெயில் இல்லாத பகல்தான். அதற்கு என்ன செய்ய?

குளிர வைக்க வேண்டும் என்றால் குளிர வைத்துவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன். மலைக்குச் செடியைக் கொண்டுபோக முடியாது; மலையைச் செடிக்குக் கொண்டு வரலாம்.

முதலில் சந்தையில் மீன் கடைக்காரரிடம், அவர் கடை கட்டும்போது கொட்டுகிற ஐஸை வாளியில் வாங்கி வந்து பரப்பினேன். அதன் விளைவை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. வட்டாரத்துப் பூனைகள் எல்லாம் கூடின. அவை கிளம்பிப் போனபோது ஒரு மூலையில் நான்கைந்து செடிகள் இல்லை. மனைவி ஜன்னல் வழியே பார்த்துவிட்டுத் திரையை இழுத்து மூடினாள்.

அப்புறம்தான் நல்ல ஐஸுக்குப் போனேன். தெருக்கோடி கடையில் குழாய் குழாயாக இருக்கும் ஐஸ் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். இங்கே யாரும் அதைத் தனக்காக வாங்கமாட்டார்கள். கல்யாணம், நிச்சயம், பிறந்தநாள், சாமி கும்பிடு என்று வீட்டில் பத்துப் பேருக்குச் சாப்பாடு போட்டால்தான் சர்பத் கலக்க ஐஸ் மூட்டை வாங்குவார்கள். இந்த வழக்கம் எனக்கும் தெரியும். ஆனால் தோளில் மூட்டையைச் சுமந்தபடி வாசலுக்கு வருகிறவனுக்கு அது நினைவுக்கு வரவில்லை.

"வீட்ல விசேஷமா அண்ணே?" என்று கடைக்காரத் தம்பி கேட்டார்.

"ஆமா, சின்னதா" என்றேன். உருளைக்கிழங்குக்கு என்று கடையில் நாலு பேர் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தது.

மறுநாளும் வாங்கினேன். அதற்கு மறுநாளும். சாயங்காலம் ரயிலை விட்டு இறங்கியதும் மூட்டை. இருட்டுமுன் ஐஸைச் செடிகளைச் சுற்றித் தென்னைநார்த் தூளின் மேல் பரப்பி, அதன்மேல் சாக்கு போட்டு மூடுவது. தூரத்திலிருந்து பார்த்தால் யாரையோ படுக்க வைத்துப் போர்த்திவிடுவது போல இருந்திருக்கும்.

மனைவி வாசற்படியில் நின்று பார்த்தாள். "கல்யாணமாகி இத்தன வருசத்துல பொண்டாட்டிக்கு ஐஸ் வெக்கத் தெரியல. கிழங்குக்கு வெக்கிறாரு."

"நீ என்னா, ஐஸ் வெச்சா குளிர்ற ஆளா?"

"வெச்சுப் பாத்தீங்களா?"

குனிந்து சாக்கைச் சரி செய்தேன்.

இதற்கிடையில் பக்கத்து வீட்டு அக்காவின் சிரிப்பு குறைந்தது. முதலில் கேட்டோரம் நிற்பதை நிறுத்தினார். பிறகு, நான் "என்னாக்கா, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால், தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போனார். ஒரு நாள் மனைவி கறிவேப்பிலை கேட்டதற்கு, "இலை உதிர்ந்துருச்சும்மா" என்றார். தொட்டியில் இலை நிறைந்து நின்றது. ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. என்ன தப்பு என்று தெரியவில்லை.

சொன்னவள் எங்கள் மகள். பினாங்கில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டாள்.

"அப்பா, எனக்கு நிச்சயம் ஆயிருச்சாமே?"

"யாரு சொன்னது?"

"நம்ம தெரு ஆளுங்க குரூப்ல ஓடுதுப்பா. ரெண்டு வாரமா வீட்ல தெனம் விசேஷமாம், ஐஸ் மூட்டை மூட்டையா போவுதாம், ஒருத்தரையும் கூப்புடலயாம். மாப்பிள்ளை யாருன்னு மட்டும் சொல்லிருங்க. நானும் வந்து பாத்துக்கறேன்."

கூப்பிடாத விசேஷம். எங்கள் ஆட்களிடம் கடனைத் திருப்பாமல் இருக்கலாம், சாவுக்கு வராமல்கூட இருந்துவிட்டுக் காரணம் சொல்லலாம். பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு நிச்சயத்துக்குக் கூப்பிடாமல் இருக்க முடியாது. மனைவி தொலைபேசியை என்னிடமிருந்து வாங்கி, மகளிடம் நடந்ததைச் சொன்னாள். அந்தப் பக்கம் சிரிப்பு அடங்கவே இல்லை. பிறகு மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"நீங்களே போய்ச் சொல்லுங்க."

போனேன். அக்கா கதவைத் திறந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை. விஷயத்தைச் சொன்னேன். முழுதும் கேட்டார்.

"தம்பி, மாப்பிள்ளை வேற சாதியா?"

"மாப்பிள்ளையே இல்லக்கா. உருளைக்கிழங்கு."

"எனக்கென்னா, நான் யாருகிட்டயும் சொல்லப் போறதில்ல. ஆனா இப்படி ஒரு பொய்யி சொல்ல வேணாம். ஐஸ் போட்டு யாரும் உருளைக்கிழங்கு வளக்க மாட்டாங்க."

நிஜம் இவ்வளவு மோசமாக இருக்கும்போது அதை யாரும் நம்பமாட்டார்கள் என்று எனக்குப் புரிந்தது. அன்று சாயங்காலம் அவரைக் கையோடு அழைத்து வந்து, சாக்கைத் தூக்கிக் காட்டினேன். ஐஸ் பாதி கரைந்து பளபளத்தது. அக்கா குனிந்து ஒரு துண்டை எடுத்து, விரலில் பிடித்துப் பார்த்து, போட்டுவிட்டு, என் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"எத்தன நாளா இப்படி இருக்காரு?"

"பொறந்ததுலேர்ந்து இப்படித்தான்க்கா."

"கெடச்சா எனக்கும் சொல்லு" என்றார் என்னிடம். "நானும் பாக்கணும்." கறிவேப்பிலைத் தொட்டியில் அன்றிரவே இலை முளைத்துவிட்டது, ஒரு கொத்து எங்கள் கேட்டில் செருகியிருந்தது.

பூசத்துக்கு முந்தின சனிக்கிழமை. செடிகள் மஞ்சளாகிச் சாய்ந்திருந்தன. தோண்ட வேண்டிய பருவம். காலையிலேயே அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்துவிட்டார். டைல்ஸ் பாஸும் நாடாவோடு வந்தார். மறுவாரம் வேலை, கடைசி முறையாக அளக்க வேண்டுமாம். மனைவி உள்ளேயிருந்து குவாலியைக் கொண்டுவந்தாள்.

அது நாங்கள் தினம் சமைக்கிற குவாலி அல்ல. தீபாவளிக்கு முறுக்கு சுடுகிற, இரண்டு பக்கமும் காது வைத்த, மேல் அலமாரியில் இருக்கிற பெரியது.

"இது எதுக்கு?" என்றேன்.

"ஒரு குவாலின்னுதானே சொன்னேன்."

"தினம் பெரட்டறது அதுலயா? நியாயமா பேசு."

"எந்தக் குவாலின்னு நீங்க கேக்கலயே."

அக்காவைப் பார்த்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "சொன்ன வார்த்தை குவாலி. ரெண்டும் குவாலிதான். அவ கொண்டாந்தது அவ இஷ்டம்."

பாஸ் நாடாவைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, பார்ப்பதற்கு வசதியாகக் கேட்டில் சாய்ந்தார். எனக்கு அன்று இருந்த ஒரே ஆதரவு மண்வெட்டி.

முதல் செடி. மண்ணைப் புரட்டினேன். கோலிக்குண்டு மாதிரி மூன்று. குவாலியில் போட்டபோது அவை நடுக்குழிக்கு உருண்டு போய் ஒடுங்கிக்கொண்டன. டிங் டிங் என்று சத்தம் மட்டும் பெரிதாக வந்தது. அடுத்த செடியிலும் அதே கதை. மூன்றாவதில் ஒன்று வெளிச்சம் பட்டுப் பச்சையாகியிருந்தது. மனைவி அதை எடுத்து வெளியே வீசினாள். "இது ஆவாது. வெசம்."

"தெரியும். படிச்சிருக்கேன்."

"படிச்சீங்கன்னா ஏன் குவாலியில போட்டீங்க?"

பூனைகள் காலி செய்த மூலையைத் தாண்டி, ஜன்னலோரத்து வரிசைக்கு வந்தேன். வீட்டுச் சுவரின் நிழல் நாள் முழுக்க விழுகிற இடம். மூட்டையில் மிஞ்சின ஐஸையெல்லாம் அங்கேதான் கொட்டி வைப்பேன், உள்ளே எடுத்துப் போகச் சோம்பல் பட்டு. மண்வெட்டி இறங்கியபோது கல்லில் பட்டது போல ஒரு தடை. கையை விட்டேன். கல் இல்லை. உருண்டையாக, குளிர்ந்து, தோல் வழுக்கிக்கொண்டு, என் கைமுஷ்டி அளவுக்கு ஒன்று வந்தது. அதன் பின்னாலேயே வேரில் தொங்கிக்கொண்டு இன்னும் இரண்டு.

மூன்றையும் மண்ணோடு குவாலியில் வைத்தேன்.

அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். பாஸ் கேட்டைவிட்டு நிமிர்ந்தார். அடுத்த செடியில் நான்கு. அதற்கடுத்ததில் எண்ணவில்லை, எண்ணுவதற்குள் மனைவி என்னைத் தள்ளிக்கொண்டு குந்திவிட்டாள். நைட்டியைச் சொருகிக்கொண்டு இரண்டு கையாலும் மண்ணைப் பறிக்க ஆரம்பித்தாள்.

"மம்மட்டியால கொத்தாதீங்கங்க, வெட்டுப் படும். கையால எடுக்கணும்" என்று எனக்கே சொன்னாள். "இந்தா, இங்க ஒண்ணு. அடேயப்பா, இது பெருசு. அக்கா, இத பாருங்க."

எதிர்க்கட்சியாக வந்தவள் அவள். மண் முழங்கை வரை ஏறியிருந்தது. ஒரு கிழங்கைத் தொட்டுவிட்டால் அதற்குப் பக்கத்தில் இன்னொன்று இருக்கும் என்ற நினைப்பு ஆளை விடாது. அது எனக்குத் தெரியும், அன்றுதான் அவளுக்கும் தெரிந்தது. நான் எழுந்து நின்று இடுப்பை நிமிர்த்தினேன். வெற்றி எப்படி இருக்கும் என்று நான் நிறைய படித்திருக்கிறேன். முதுகுவலியோடு வரும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

பாஸ் கிட்டே வந்து பார்க்க, ஓரத்து வரப்பில் கால் வைத்தார்.

"பாஸ், கால எடுங்க" என்றாள் மனைவி, நிமிராமலே. "அங்க இன்னும் தோண்டல. மிதிச்சா நசுங்கிரும்."

அவர் காலைப் பின்னால் எடுத்தார். "அப்ப அடுத்த வாரம் வேலை அண்ணி?"

அவள் கையிலிருந்த கிழங்கின் மண்ணைக் கட்டைவிரலால் துடைத்தாள். குவாலியைப் பார்த்தாள். பெரிய குவாலி. ஜன்னலோரத்து வரிசை அதை வாய்வரை நிரப்பி, மேலே ஒரு குவியலும் வைத்திருந்தது. அக்கா எழுந்து வந்து, ஒரு கையால் தட்டி, சரிகிறதா என்று பார்த்து, "நெறஞ்சிருச்சு" என்றார். சட்டம் பேசினவர் சட்டப்படியே தீர்ப்புச் சொன்னார்.

"அடுத்த வாரம் வேணாம் பாஸ்" என்றாள் மனைவி. பிறகு என்னிடம்: "மண்ணு இருக்கட்டும். ஆனா என் காடி ரோட்ல நிக்காது. இன்னையிலேர்ந்து அது உள்ள, உங்க காடி வெளிய. நீங்கதான் ரயில்ல போற ஆளு."

நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. அன்று மத்தியானமே என் காடியைத் தெருவில் கொண்டுபோய் நிறுத்தினேன். பக்கக் கண்ணாடிகளை மடக்கி வைத்தேன். குப்பை லோரி வரும்போது வரட்டும்.

ஐஸ்தான் காரணமா, அந்த ஆண்டு விடாமல் பெய்த மழையா, சுவர் நிழலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஜெயித்தவனை யாரும் அதைக் கேட்பதில்லை. நானும் யாரிடமும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

பெரட்டல் அன்றைக்கே ஆயிற்று. சின்னதை முழுசாகத் தோலோடு, பெரியதை நாலாக வெட்டி, வெங்காயம், மிளகாய்த்தூள், சோம்பு, அக்கா வீட்டுக் கறிவேப்பிலையோடு. விரதத்தில் இருந்த பாஸும் தாராளமாகச் சாப்பிடக்கூடிய சாப்பாடு. மூன்றாம் முறை போட்டுக்கொண்டபோது மெதுவாகக் கேட்டார்.

"அண்ணே, இது எங்க வீட்ல வருமா?"

"மண்ணு இருந்தா வரும் பாஸ்."

"அதான் பிரச்சனை. பூராவும் டைல்ஸ். நானே ஒட்டினேன்." தட்டில் ஒட்டியிருந்த மசாலாவை வழித்தார். "நாலு பீஸ் பேத்தா போதுமா?"

போதும் என்றேன். அவர் தொழிலுக்கு எதிராக நான் சொன்ன ஒரே சொல் அதுதான்.

எல்லாரும் போன பிறகு குவாலியைக் கழுவ நான் எடுத்தேன். கூடத்தில் மனைவி தன் தங்கையோடு தொலைபேசியில் இருந்தாள். குரல் தெளிவாகக் கேட்டது.

"ஆமா, நம்ம வாசல்லதான். கிள்ளான்ல வராதுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. நான் விடல. ராத்திரி சூடா இருந்தா கிழங்கு வெக்காதுடி, அதுக்குத்தான் ஐஸ் போடணும். ஆமாலா, ஐஸ்தான். தெனம் சாயந்தரம். இவரா? இவரு கூடமாடத் தூக்கிக் குடுத்தாரு."

அடியில் ஒட்டியிருந்த மசாலாவைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். குவாலியின் காதோரத்தில் ஒரு சின்னக் கிழங்கு தப்பிப்போய் இருந்தது. ஊதிவிட்டு வாயில் போட்டுக்கொண்டேன்.